டிரம்முக்கு ஒரு பொட்டு

அஸ்வினிக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். கணக்குப் பரீட்சை என்றால் வயிறு லேசாகக் கடமுடா என்று சத்தம் போடும். தெருமுனை நாய் துரத்தினால் சத்தம் கொஞ்சம் பலமாக இருக்கும். கீழ்வீட்டு மரியசெல்வம் மாமாவைப் பார்த்தால் மட்டும் சத்தமே வராது. வயிறே காணாமல் போய்விடும்.

மரியசெல்வம் மாமா கெட்டவர் இல்லை. ஆனால் ஆள் வாசற்கதவு உயரம். மீசை அவர் வருவதற்கு முன்பே வந்துவிடும். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவர் என்பதால், சத்தத்துக்கு மேலே சத்தமாகப் பேசிப் பேசியே பழகிவிட்டார். “பால் வந்துச்சா?” என்று அவர் சாதாரணமாகக் கேட்டாலே மாடியில் தம்ளர் அதிரும் என்று அஸ்வினியின் அப்பா கணேசமூர்த்தி சொல்வார்.

அந்த வீடு மயிலாப்பூரிலிருந்து சாந்தோமுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே மாமா மட்டும். மாடியில் அஸ்வினி, அம்மா, ஆட்டோ ஓட்டும் அப்பா, ஐந்து வயதுத் தம்பி நந்து.

மாமாவிடம் நான்கு டிரம்கள் இருந்தன. அந்தக் காலத்தில் கப்பலில் வந்த செட்டு அது. பள்ளிக்கூட வாசலில் விற்பார்களே, நன்றாகப் பழுத்த இலந்தைப் பழம், மூன்று டிரம்கள் அந்த நிறத்தில் இருந்தன. சிவப்பா, பழுப்பா என்று சொல்ல முடியாது. வெளிச்சம் பட்டால் மரத்தின் வரிகள் உள்ளேயிருந்து தெரியும்.

நான்காவதுக்குத்தான் கஷ்டகாலம். முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், பீரோவுக்கு அடிப்பது போல வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார். மாமா அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். வெறும் மரம் வெளியே வந்தது. முன்பக்கத்தில் ஒரு வட்டத் தகடு இருந்தது. அதைக் கழற்றியபோது, பெயின்ட் படாமல் தப்பித்த பழைய இலந்தைப் பழ நிறம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அப்படியே இருந்தது. மாமா அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவைத்தார்.

அந்த நிறத்தை முழு டிரம்முக்கும் கொண்டுவர வேண்டும். அதுதான் வரமாட்டேன் என்றது. மாமா ஒரு பலகையில் தினம் ஒரு கலவை பூசிப் பார்த்தார். ஒன்று டீத்தூள் மாதிரி வந்தது. ஒன்று சாணி மெழுகின தரை மாதிரி வந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கேட்டதற்கு, மெஷினில் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்களாம். மாமா டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னொரு தபா தேய்க்க முடியாது கணேசு. மேல் பலகை காகிதம் மாதிரி மெல்லிசா கீது. உப்புத்தாள் பட்டா ஓட்டைதான்” என்று அவர் அப்பாவிடம் சொன்னதை அஸ்வினி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

பிறகு மாமா அண்ணாந்து, மாடிப்படியில் இருந்த அவளையும் நந்துவையும் பார்த்தார். “யாருனா இதும்மேல கை வெச்சீங்க, அந்தக் கையை வாங்கி ஸ்டிக்கு செஞ்சு வாசிச்சிருவேன்” என்றார்.

பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வது பிள்ளைகள் காதில் அப்படியே விழுந்து தொலைக்கும். அன்று முதல் அஸ்வினி மாமாவின் வராந்தாவைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கைகளையும் கவுனுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனாள்.

அப்படிப்பட்டவள்தான் அதன்மேல் கை வைத்தாள். ஆயுத பூஜை அன்று.

நவராத்திரி வந்தால் மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு வீட்டில் இருக்க நேரம் ஏது? மாமா வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருந்தார். காற்றாடட்டும் என்று நான்காவது டிரம்மை மட்டும் வராந்தாவில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, கம்பிக்கதவைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார். மழை வந்தால் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பூஜை முடிந்ததும் அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் தட்டில் வைத்து அஸ்வினியிடம் நீட்டினாள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற பொறுப்பு இந்த வருஷம் அவளுக்கு. அஸ்வினிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவின் ஆட்டோவுக்கு வைத்தாள். அம்மாவின் தையல் மெஷினுக்கு, அரிவாள்மனைக்கு, அடிபம்ப்புக்கு, தன் ஜாமெட்ரி பாக்ஸுக்கு வைத்தாள். நந்து மூக்கை நீட்டினான், அதற்கும் ஒன்று வைத்தாள். கடைசியில் மீட்டர் பெட்டி பாக்கி. அது கீழே மாமாவின் வராந்தாவில் இருந்தது.

சாவியை வாங்கிக்கொண்டு போய் மீட்டர் பெட்டிக்கும் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஸ்டூல் மேல் டிரம் உட்கார்ந்திருந்தது. வெறும் மரமாக, ஒரு பொட்டு பூ இல்லாமல்.

ஊரில் இருக்கிற இரும்பு, தகரம் எல்லாம் இன்று மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. இதுவும்தானே மாமாவுக்காக உழைக்கிறது? இதற்கு மட்டும் ஒன்றும் இல்லையே. அஸ்வினிக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டால் பயம் மறந்துபோகும் போலிருக்கிறது. பழைய நிறம் வட்டமாகத் தெரிந்ததே, அதற்குப் பக்கத்தில், டிரம்மின் நெற்றி என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில், முதலில் சந்தனம் வைத்தாள். அதன் நடுவில் குங்குமம் வைத்தாள்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பூஜையில் பொட்டு வைத்த பொருளை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது வழக்கம். அதனால் சந்தோஷமாகப் பாடப் புத்தகத்தையும் தொடவில்லை, டிரம்மையும் தொடவில்லை.

விஜயதசமி அன்று காலையில்தான் போய்ப் பார்த்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்து கீழே கிடந்தது. அது இருந்த இடத்தில் மரத்துக்குள் சிவப்பாக ஒரு கறை இறங்கியிருந்தது. ஆட்டோவிலும் தையல் மெஷினிலும் துடைத்தால் போய்விடும். இது பெயின்ட் இல்லாத வெறும் மரம். ஈரச் சந்தனத்தோடு குங்குமத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டது.

வயிறு காணாமல் போனது.

கவுன் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். கறை போகவில்லை. விரிந்தது. நாலணா அளவில் இருந்தது செம்பருத்திப் பூ அளவுக்கு ஆனது. உப்புத்தாளால் தேய்த்தால்? ‘உப்புத்தாள் பட்டா ஓட்டைதான்.’ மாமாவின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. டிரம்மைத் திருப்பி, கறையைச் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்துவிட்டு, மாடிக்கு ஓடி வந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா ஊரிலிருந்து வந்தார். கம்பிக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு டிரம்மைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

“இது யார் பண்ண வேலை?”

தம்ளர் அதிர்ந்தது. நிஜமாகவே அதிர்ந்தது.

அம்மா பதறிக்கொண்டு கீழே இறங்கினாள். அவள் பின்னால் அஸ்வினி. அவள் பின்னால் நந்து, என்னவோ வேடிக்கை என்று நினைத்து வந்தான்.

முந்தின நாள் மாலை அப்பா ஆட்டோவுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்திருந்தார். குங்குமம் அடைத்த பூசணிக்காய் தெருவில் சிதறியதும் முதலில் பாய்ந்தது நந்துதான். எத்தனை சோப்புப் போட்டும் அவன் உள்ளங்கைகள் இரண்டும் சிவப்பாகவே இருந்தன.

மாமா கறையைப் பார்த்தார். நந்துவின் கைகளைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

“நீயாடா தொட்டே?” என்று அம்மா கேட்டாள்.

நந்து மாமாவின் மீசையை அண்ணாந்து பார்த்தான். மெதுவாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

பயந்துவிட்டால் நந்து எதற்கும் அப்படித்தான் ஆட்டுவான். டாக்டர் ஊசி போடவா என்று கேட்டபோதும் ஆட்டியவன். அது அஸ்வினிக்குத் தெரியும். இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவராயிற்றே. மாமாவிடம் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். டிரம்மைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிரம்பு மோடாவில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே வந்ததும் நந்துவுக்குத் தண்டனை கிடைத்தது. சாயங்காலம் மாலை போட்ட ஆட்டோவில் எல்லாரும் கடற்கரைக்குப் போவதாக இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாம் பாம் என்று ஹாரனை அமுக்கப்போவது நான்தான் என்று ஒரு வாரமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான் நந்து. “நீ வர வேணாம். என்னோட வீட்லயே இரு” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நந்து அழவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அஸ்வினி சுண்டலைத் தொடவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்தால் மாமாவின் குரல் ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தால் கட்டிலுக்கு அடியில் தெரிந்த இரண்டு சின்னப் பாதங்கள் கண்ணில் பட்டன. குனிந்து எட்டிப் பார்த்தாள். நந்து தன் கைகளை விரித்து வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான், “நான் எப்போக்கா அதைத் தொட்டேன்? எனக்கு ஞாபகமே வரலையே.”

செய்யாத தப்பைத் தானே செய்ததாக அவன் நம்பிவிட்டான். இதற்கு மேல் எப்படி நிற்பது? அஸ்வினி எழுந்து படியிறங்கினாள். கால் பின்னுக்குப் போனது, அவள் முன்னுக்குப் போனாள். கம்பிக்கதவைத் தள்ளித் திறந்தாள்.

மாமா இன்னும் அதே இடத்தில் இருந்தார். கறையின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

“மாமா.”

அவர் நிமிர்ந்தார்.

“நந்து தொடல. நான்தான். பொட்டு வெச்சேன். அப்புறம் தண்ணியால தேச்சேன்.” அவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். “ஸ்டிக்கு செஞ்சுக்கோங்க மாமா. ஆனா நந்துவைப் பீச்சுக்கு விடச் சொல்லுங்க.”

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மாமா அவள் நீட்டிய கைகளைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார். பிறகு தான் சொன்னது அவருக்கே ஞாபகம் வந்தது போலிருக்கிறது. மீசை கீழே தொங்கிப்போனது.

“அடப் பாவி மவளே” என்றார். இவ்வளவு மெதுவாக அவரால் பேச முடியும் என்று அஸ்வினிக்கு அதுவரை தெரியாது. “கையை உள்ள வெய் கண்ணு. இன்னாத்துக்கு இதுக்குப் பொட்டு வெச்ச?”

“மீட்டர் பெட்டிக்குக்கூட வெச்சேன் மாமா. இதுக்கு மட்டும் இல்லன்னதும் பாவமா இருந்துச்சு.”

மாமா டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு பெருமூச்சு விட்டார். தேய்க்கவும் முடியாது, கறையோடு பாலிஷ் போடவும் முடியாது, திரும்ப வெள்ளிப் பெயின்ட் அடித்து மூட வேண்டியதுதான், வேறு வழி இல்லை என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திட்டுக்குத்தான் அஸ்வினி தயாராக வந்திருந்தாள். இதற்கு இல்லை. அத்தனை பெரிய மாமா அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புதுசாக ஒரு பயம் வந்தது. தன் கைக்கு என்ன ஆகும் என்ற பயம் இல்லை, டிரம்முக்கு என்ன ஆகும் என்ற பயம்.

கறையை உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் அந்தப் பழைய நிற வட்டம். பிறகு கீழே கிடந்த மாமாவின் பலகையைப் பார்த்தாள். டீத்தூள், சாணி, சேறு.

“மாமா, நந்து ஒரு வேலை பண்ணுவான்” என்றாள் தயங்கித் தயங்கி. “சந்தனத்துலயே குங்குமத்தைப் போட்டுக் கலக்கிடுவான். அப்போ இந்தப் பலகைல இருக்கிற மாதிரிதான் சேறா வரும். அம்மா திட்டுவாங்க.”

“பின்ன எப்படி வெக்கணுமாம்?”

“ரெண்டையும் கலக்கக் கூடாது. முதல்ல ஒண்ணு. அதுக்கு மேல இன்னொண்ணு. நீங்க எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கலக்குறீங்களே மாமா?”

மாமா டிரம்மை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கறையைப் பார்த்தார். அதில் சிவப்பு மரத்துக்குள் இறங்கியிருந்தது. ஆனாலும் மரத்தின் வரி ஒன்றுகூட மறையவில்லை. அவர் பலகையில் பூசியதில் வரியே தெரியவில்லை.

பெயின்ட் கடையில் சிவப்புப் பொடியையும் அரக்கு பாலிஷையும் சேர்த்துக் கலக்கச் சொல்லியிருந்தார்கள். மாமாவும் ஒரு மாதமாகக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் டிரம்ஸ்காரர், பாலிஷ்காரர் இல்லையே. சட்டென்று எழுந்து ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றி, சிவப்புப் பொடியை மட்டும் கரைத்து, துணியில் நனைத்து டிரம்மை நோக்கிப் போனார்.

“மாமா, டிரம்முல வேணாம். பலகைல” என்றாள் அஸ்வினி. சொன்ன பிறகுதான் யாருக்கு உத்தரவு போட்டோம் என்று உறைத்தது.

மாமா நின்றார். “ஆமால்ல” என்றார். பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் பூசினார்.

பளீரென்று ரோஸ்மில்க் மாதிரி வந்தது. அஸ்வினிக்கு வயிறு மறுபடி காணாமல் போனது. தப்பான யோசனை சொல்லிவிட்டோமோ? இரண்டு பேரும் அது காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று மாமா சொன்னார். அவளுக்கு அது சீக்கிரமாகத் தெரியவில்லை.

காய்ந்தது. மாமா தேன் நிற அரக்கு பாலிஷை எடுத்து, அந்தச் சிவப்பின் மேல் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

ரோஸ்மில்க் மறைந்தது. மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மாமா பலகையைத் தூக்கி, டிரம்மில் இருந்த பழைய நிற வட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை.

“இலந்தைப் பழம்” என்றாள் அஸ்வினி.

மாமா பலகையைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிட் நெடி என்று சொன்னார்.

“முழுசுக்கும் இதே சிவப்பைப் பூசிட்டா, என் கறை தெரியாதுல்ல மாமா?”

“எங்க தெரியப்போவுது?” என்று சொல்லிக்கொண்டே மாமா மாடிப்படி ஏறிவிட்டார், இரண்டிரண்டு படியாக.

அவர் குரல் கேட்டதும் நந்து கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே போனான். மாமா அந்த உடம்போடு தரையில் குப்புறப் படுத்து அவனைப் பார்த்தார்.

“நீ ஒண்ணும் பண்ணலடா நைனா. அப்புறம் ஏண்டா தலையாட்டின?”

“நீங்க பார்த்தீங்க” என்றான் நந்து. “தானா ஆடிடுச்சு.”

அம்மாவிடம் அஸ்வினியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில், இதற்குத் தனியாக ஒரு கச்சேரி உண்டு என்று தெரிந்தது. ஆனால் முதலில் நந்துவின் இரண்டு சிவப்பு உள்ளங்கைகளையும் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

சாயங்காலம் ஆட்டோ கிளம்பியது. நந்து முன்னால் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, சாந்தோம் நெடுக ஹாரனை விடவே இல்லை. பின்னால் மரியசெல்வம் மாமா ஏறியதும் முக்கால்வாசி இடம் முடிந்தது. மீதியில் அம்மாவும் அஸ்வினியும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழியில் எங்கேயோ தன் வயிறு திரும்பி வந்துவிட்டதை அஸ்வினி கவனித்தாள். பசித்தது.

கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் மைதானத்தில் கச்சேரி. நான்கு டிரம்களும் மேடை விளக்கில் ஒரே நிறத்தில் மின்னின. எது வெள்ளிப் பெயின்ட்டில் கிடந்தது என்று அப்பாவால்கூடச் சொல்ல முடியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டும், ஒன்றின் நெற்றியில், பாலிஷுக்கு அடியில், ஒரு வட்டம் துளி கூடுதல் சிவப்பாகத் தெரியும். இன்னொரு பூச்சு பூசினால் மறைந்துவிடுமே என்று அஸ்வினி சொல்லித்தான் பார்த்தாள். மாமா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமாவே தட்டோடு வரச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். மரத்தில் படாமல் இரும்பு வளையத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லி, மூன்று டிரம்களை முன்னால் நகர்த்தி வைத்தார். அஸ்வினி மூன்றுக்கும் வைத்தாள்.

“அந்த நாலாவது மாமா?”

“அதுக்கு ஏற்கெனவே வெச்சாச்சு” என்றார் மரியசெல்வம் மாமா.